நிரப்பு மண்ணின் ஒழுங்கு: பெர்லின் இடிபாடும் நியூயார்க் மண் வரைபடமும்

நகரத்து மண்ணைப் பற்றி மண்ணியலாளர்களிடம் நெடுங்காலமாக இரண்டு கருத்துகள் நிலவின. லாரியிலோ படகிலோ கொண்டுவந்து கொட்டியது மண்ணே அல்ல, வெறும் கட்டுமானப் பொருள் என்பது ஒன்று. பழைய மண் வரைபடங்கள் நகரம் வந்த இடத்தில் ‘நகர நிலம்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்ததற்கு இதுவே காரணம். அது மண்தான், ஆனால் அதில் ஒழுங்கு எதுவும் இல்லை, பத்தடிக்கு ஒரு குணம் காட்டுவதை வகைப்படுத்த முயல்வது வீண் என்பது மற்றொன்று. முதல் கருத்துக்கு இன்று ஆதரவாளர் அதிகம் இல்லை. உலக மண் வகைப்பாட்டு முறையான டபிள்யூ.ஆர்.பி. 2006இல் ‘டெக்னோசால்’ என்ற தனிக் குழுவை ஏற்றுக்கொண்டது. மேல் 100 செ.மீ. ஆழத்துக்குள் பருமனளவில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ மனிதர் செய்த, அல்லது மனிதர் தோண்டி வெளிக்கொணர்ந்த பொருள்கள் இருந்தால் அந்த மண் இக்குழுவில் சேரத் தகுதி பெறும். இரண்டாவது கருத்துதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நிரப்பு மண்ணுக்கும் ஒழுங்கு உண்டு. இயற்கை மண்ணுக்காக வகுத்த கருவிகளோடு, அந்த ஒழுங்கை அது இல்லாத இடத்தில் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1941இல் ஹான்ஸ் ஜென்னி மண் உருவாக்கத்தின் ஐந்து காரணிகளை ஒரு சமன்பாடாக எழுதினார்: தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சரிவு, தாய்ப்பொருள், காலம். மண் அளவாய்வு செய்பவர் நடைமுறையில் நம்புவது சரிவை. மேட்டில் ஒரு மண், சரிவில் ஒரு மண், பள்ளத்தில் ஒரு மண் என்று அவர் ஊகிக்கிறார். சில குழிகள் வெட்டி ஊகத்தைச் சரிபார்க்கிறார். மற்ற இடங்களை நிலத்தோற்றத்தைப் பார்த்தே நிரப்பிவிடுகிறார். கொட்டிய மண்ணில் இந்த உத்தி பலிக்காது. அங்கே சரிவுக்கும் தாய்ப்பொருளுக்கும் உறவு இல்லை. எந்த இடத்திலிருந்து எந்த லோடு எப்போது வந்தது என்பதே தாய்ப்பொருளைத் தீர்மானிக்கிறது. ஆனால் இந்த இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. இயற்கை மண்ணின் வயதை ஆயிரம் ஆண்டு முன்பின்னாகத்தான் சொல்ல முடியும். நிரப்பு மண்ணின் பிறந்த தேதியோ பெரும்பாலும் நகராட்சிக் கோப்பிலேயே இருக்கும். ஜென்னியின் சமன்பாட்டில் பிடிபடாத உறுப்பான காலம் இங்கே கைக்கு எட்டுகிறது.

இதற்குப் பெர்லினைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்நகரில் கிடந்த இடிபாடு சுமார் 75 மில்லியன் கன மீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நாஜி ஆட்சியில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட ராணுவத் தொழில்நுட்பக் கல்லூரியின் மேல் கொட்டப்பட்டது. 1972 வரை கொட்டிக் குவித்து எழுந்ததே, கடல் மட்டத்திலிருந்து 120 மீட்டர் உயரமுள்ள டாய்ஃபெல்ஸ்பெர்க் குன்று. நகருக்குள்ளும் குண்டு விழுந்த மனைகள் பல, இடிபாட்டைச் சமன் செய்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் விடப்பட்டன. ஹெர்பர்ட் சுக்கோப் போன்ற தாவரவியலாளர்கள் அங்கே முளைத்த செடிகளைக் கணக்கெடுத்தார்கள். ஹான்ஸ்-பீட்டர் புளூமெ போன்ற மண்ணியலாளர்கள் குழி வெட்டினார்கள்.

பெர்லினின் இயற்கை மண் பனியாறுகள் விட்டுச்சென்ற மணல். காட்டுப் பகுதிகளில் அது நல்ல அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பு கரைந்து வடிந்து போன மண். அதன் மேல் வந்து விழுந்த இடிபாட்டின் பொடிப்பகுதியோ பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. ஆகவே அதே மழையும் அதே வெயிலும் படும் இடத்தில், சில மீட்டர் தள்ளி, கார அமில நிலை 7க்கு மேல் நிற்கும் மண் உருவாகியிருக்கிறது. ஜெர்மானிய மண்ணியலாளர்கள் இதைப் ‘பாரரென்ட்சினா’ வகையில் சேர்த்தார்கள். சுண்ணாம்பு கலந்த உதிரிப் படிவுகளின் மேல் இயற்கையாக உண்டாகும் மண்ணுக்கு ஏற்கெனவே வழங்கிய பெயர் அது. நகரின் ஒரு மூலையில் குழி வெட்டினாலும் மறு மூலையில் வெட்டினாலும் போர் இடிபாடு ஒரே திசையில்தான் மாறிக்கொண்டிருந்தது: மேலே சில பத்தாண்டுகளில் கருத்துத் திரண்ட மக்கு, கீழே மெல்லக் கரையும் காரை. காரணமும் விளங்கக்கூடியதே. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே முறையில், செங்கல்லும் காரையும் கொண்டு கட்டிய வீடுகள் ஒரே சில ஆண்டுகளில் இடிந்தன. தாய்ப்பொருள் தாறுமாறானது என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?

அங்கே வளர்ந்த தாவரங்களும் இதற்குச் சாட்சி. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வட அமெரிக்க மரமான ரொபினியா இடிபாட்டு மனைகளில் தோப்பாகவே எழுந்தது. நைட்ரஜன் குறைவு, கால்சியம் மிகுதி, நல்ல வடிகால் என்ற நிலைமைக்கு ஏற்ற மரம்தான் அது. நியூயார்க்கில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அமில மண்ணை விரும்பும் பின் ஓக் மரத்தைக் காரைத்தூள் கலந்த தெருவோர மண்ணில் நட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் மரத்துக்குக் கிடைக்காமல் இலை மஞ்சளித்துப் போகிறது.

பெர்லின் இடிபாட்டில் மற்றொரு பொருளும் இருந்தது: சுவர்ப் பூச்சில் பயன்பட்ட ஜிப்சம். சுண்ணாம்பைவிட மிக எளிதில் கரைவது அது. ஜிப்சம் நிறைந்த ஓர் அடுக்கின் வழியே இறங்கும் நீர் தெவிட்டும் அளவு கரைத்துக்கொண்டால் லிட்டருக்குச் சுமார் 1,400 மில்லிகிராம் சல்பேட்டைச் சுமக்கும். ஜெர்மனியில் குடிநீருக்கான வரம்பு 250 மில்லிகிராம். இடிபாட்டுக் குன்றுகளின் அடியில் நிலத்தடி நீரில் சல்பேட் கூடுதலாக இருப்பது ஏன் என்பதற்கு இதைவிட நுட்பமான விளக்கம் தேவையில்லை. இங்கும் மண்ணின் நடத்தையை முன்கூட்டியே சொல்ல உதவுவது சுவரில் என்ன பூசினார்கள் என்ற கட்டட வரலாறே.

அப்படியானால் ஒழுங்கில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி ஆய்வகத்திலிருந்து வந்தது என்பேன். மண் மாதிரியை உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நின்றதைத் தள்ளிவிடுவதே எல்லா ஆய்வகங்களிலும் வழக்கம். இயற்கை மண்ணில் அப்படி நிற்பது பெரும்பாலும் கூழாங்கல். நீரையோ சத்தையோ அது வைத்திருப்பதில்லை. இடிபாட்டு மண்ணில் நிற்பது செங்கல் துண்டு. 24 மணி நேரம் ஊறிய செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீர் குடிக்கலாம் என்று நம் ஐ.எஸ். 1077 தர அளவை சாதாரண வகைச் செங்கல்லுக்கு இடம் கொடுக்கிறது. அந்த நீரில் ஒரு பங்கு செடிக்குக் கிடைக்கும் துளைகளில் நிற்கிறது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகள் இதை அளந்து காட்டியிருக்கின்றன. மாதிரியில் 40 விழுக்காடு செங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வறிக்கை தரும் எண்கள் மீதி 60 விழுக்காட்டை மட்டுமே குறிக்கும். வீசியெறிந்த பகுதியில்தான் அந்த மண்ணின் தனிக்குணமே இருக்கிறது.

கரிமக் கணக்கிலும் இதே கோளாறு. மாதிரியைச் சுட்டெரித்து எடை இழப்பைக் கொண்டு மக்குப் பொருளைக் கணிப்பது எளிய முறை. நிலக்கரித் துணுக்கும் தாரும் கரியும் சேர்ந்து எரிந்தால் அவ்வளவும் மக்கு என்று பதிவாகிவிடும். மொத்தக் கரிமத்தை அளக்கும் கருவியோ, முன்கூட்டி அமிலத்தால் நீக்காவிட்டால், காரையின் கார்பனேட்டையும் சேர்த்தே சொல்லும். சத்தே இல்லாத சாம்பல் மேடு தாளில் வளமான தோட்ட மண்ணாகத் தோன்றிவிடும்.

ஒழுங்கை வரைபடமாக்கிக் காட்டியது நியூயார்க். அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பணியகம் 2005இல் அந்நகரம் முழுவதற்கும் 1:62,500 அளவில் ஒரு முன்னோட்ட மண் வரைபடம் வெளியிட்டது. நம் இருகூர்த் தொடர், பீளமேடு தொடர் போல அங்கும் தொடர்களுக்கு இடப்பெயர்களே. ஆனால் அவற்றைப் பிரிக்கும் அளவுகோல் வந்து சேர்ந்த பொருள். கட்டட இடிபாடு மிகுந்தது லகார்டியா. இடிபாடு அதிகம் கலவாமல் வேறிடத்து மண்ணைக் கொட்டியது கிரீன்பெல்ட். கடலடியிலிருந்து வாரிய மணல் பிக்ஆப்பிள். வீட்டுக் குப்பையின் மேல் மண் மூடியது ஃபிரெஷ்கில்ஸ். நிலக்கரிச் சாம்பல் ரைக்கர்ஸ். 87 ஏக்கராக இருந்த ரைக்கர்ஸ் தீவு சாம்பலும் குப்பையும் கொட்டி 400 ஏக்கருக்கு மேல் வளர்ந்ததை அறிந்தவர்களுக்கு இப்பெயர் வியப்பளிக்காது. (ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கும் கற்பனை மட்டுமல்ல. குவீன்ஸ் பகுதியின் கொரோனா சாம்பல் மேடு அது. அதைச் சமன்படுத்தித்தான் 1939 உலகக் கண்காட்சி நடந்தது.)

ஒரே பொருள் இருமுறை இடம்பெயர்வதும் உண்டு. உலக வர்த்தக மையத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வந்த ஏறத்தாழ 9 லட்சம் கன மீட்டர் மண், ஹட்சன் ஆற்றோரம் பேட்டரி பார்க் சிட்டி என்ற புதுநிலமாகியது. தோண்டிய அந்த இடத்தின் ஒரு பகுதியே முன்பு ஆற்றைத் தூர்த்த நிலம். 2010இல் அதே வளாகத்தில், தூர்க்கப் பயன்பட்ட 18ஆம் நூற்றாண்டு மரக்கப்பலின் உடற்பகுதி வெளிவந்தது.

எந்தப் பொருள் என்பதோடு எப்படிக் கொட்டினார்கள் என்பதும் முக்கியம். மண் துகளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். பரும அடர்த்தி 1.3 ஆக இருந்தால் பாதி வெற்றிடம்; இயந்திரம் ஏறி 1.8 ஆக இறுகினால் வெற்றிடம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகும், வேர் பெரும்பாலும் நின்றுவிடும். டோசர் சமன் செய்த ஒவ்வொரு மட்டத்திலும் இப்படி ஒரு கெட்டித்தளம் அமையக்கூடும். களிமண் லோடு ஒன்று கரடுமுரடான இடிபாட்டின் மேல் படிந்தால், களி நிறைந்து வழியும் வரை நீர் கீழே இறங்காது. பூங்காவில் மரம் பட்டுப்போனதும் உரத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும் இந்த எல்லைக்கோடுதான்.

எதிர்வாதத்துக்கு ஓரிடத்தில் முழு நியாயம் உண்டு: ஈயம். பழைய வண்ணப்பூச்சின் ஒரு சிறு செதிள் விழுந்த இடத்துக்கும் அரை மீட்டர் தள்ளியும் ஈய அளவு பன்மடங்கு வேறுபடலாம். எந்த மண் தொடரின் பெயரும் அதை முன்னறிவிக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் குடியிருப்பு மண்ணுக்கான ஈய வழிகாட்டு அளவை கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தபோது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. காரைச் சுண்ணாம்பின் காரத்தன்மை ஈயத்தைக் கரையவிடாமல் ஓரளவு பிடித்து வைக்கிறது என்பது உண்மை. மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அந்த இரசாயன ஆறுதல் போதாது. எனவே வீட்டுத் தோட்டத்துக்கு மண் பரிசோதனை வேண்டும். வரைபடம் அதற்கு மாற்றாகாது. ஆனால் நச்சு ஒன்றை முன்னறிய முடியாது என்பதிலிருந்து வடிகால், காரத்தன்மை, வேர் இறங்கும் ஆழம், நீர்க்கொள்ளளவு எதையும் முன்னறிய முடியாது என்று முடிவு கட்டுவது தாவல். இந்த நான்கும் பொருளின் வகையையும் கொட்டிய முறையையும் தொடர்ந்தே வருகின்றன.

இந்த ஒழுங்கை இங்கும் பதிவு செய்ய முடியும். இந்தியாவின் மண் அளவாய்வு பின்பற்றுவது அமெரிக்க மண் வகைப்பாட்டை. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், மனிதர் பெயர்த்துவந்த பொருளுக்கான வரையறையும் அடையாளக் குறிகளும் இடம்பெற்றுவிட்டன. சென்னையின் தியாகராய நகர் 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுந்தது. அதற்குப் பின்னும் ஏரிப்படுகைகள் சவுடும் கிராவலும் ‘ரப்பீஸ்’ எனப்படும் கட்டட இடிபாடும் கொண்டு உயர்ந்தன. மனையை மேடாக்க வரும் லோடு எந்தக் குவாரியிலிருந்து, அல்லது எந்த இடித்த வீட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டு, எத்தனை அடுக்காகக் கொட்டி எதனால் சமன் செய்தார்கள் என்ற குறிப்பு மனை வரைபடத்தோடு சேர்ந்து கோப்பில் இருந்தால் போதும். அடுத்த தலைமுறை மண்ணியலாளர் பாதி வேலையைக் குழி வெட்டாமலேயே முடித்துவிடுவார். இடிப்புக் கழிவுக்கு 2016 முதல் தனி விதிகள் உண்டு. அவற்றின்படி கழிவு எங்கே போகிறது என்று எழுதும்போதே, அது எங்கே மண்ணாகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளையும் மண் அளவாய்வுத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.