அச்சில் விட்ட இழை

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் கதாநாயகர்களில் ஒருவனைக்கூட இதுவரை நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றியதில்லை. பஸ், ரயில், மிஞ்சிப் போனால் ஒரு வாடகைக் கார். அத்துடன் அவர்களுடைய பிரயாணம் முடிந்துவிடும். ஆனால் 2019-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்த ஒரு சம்பவம் இதை எழுதும்படி செய்துவிட்டது. சம்பவம் என்னவோ சிறியதுதான். 24 வருஷம் தூங்கிய ஒரு வண்டி விழித்துக்கொண்டது. அந்த வண்டியின் சரித்திரமோ கடல் கடந்து போகிறது.

அந்த வருஷத்தைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர், 40 வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளி 48 நாள் சேவை சாதிப்பார். 1979-க்குப் பிறகு 2019. கோயில் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். ஆனால் கூட்டம் ஊர் முழுவதும். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில்கூட வெளியூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா வீட்டிலும் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவினர்கள் எல்லாரும் வந்து இறங்கிவிட்டார்கள். படுக்க இடமில்லை. பின்கட்டிலுள்ள தறிக்கூடத்தை ஒழித்தால் பத்துப் பேர் கால் நீட்டலாம் என்று யாரோ யோசனை சொல்ல, பூட்டைத் திறந்தோம்.

உள்ளே ஒரு குழித்தறி, ஒட்டடை, எலிப் புழுக்கை. சுவரோரம் பழைய ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு ஏதோ ஒன்று நின்றது.

"உங்க பெரியப்பாவோட வண்டிடா. காயலான் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். கூட்டம் போனதும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லணும்" என்றாள் பெரியம்மா. குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது.

பெரியப்பா பட்டு நெசவாளி. அந்த 350 ஸி.ஸி. என்பீல்டு புல்லட்டை 1968-இல் வாங்கினார். சேலைகளை மூட்டையாகக் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய் வருவார். 1979-இல் பெரியம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அத்தி வரதரைச் சேவிக்கப் போனது இதே வண்டியில்தான். நான் பிறந்த வருஷமும் அதுவே. 1995-இல் அவருக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியது. ஒரு நாள் மாலை, தெருவில் ஓடிவந்த ஒரு குழந்தை கடைசி நிமிஷத்தில்தான் அவர் கண்ணில் பட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தார், வண்டியைத் தறிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் உயிரோடு இருந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அன்னைக்கே அதை வெறுத்துட்டார். தூக்கிப் போட்டுட்டார்" என்பது பெரியம்மாவின் தீர்ப்பு.

கூட்டம் குறையட்டும் என்று சில நாள் பொறுத்து, கடைத்தெருவில் பழைய புல்லட் வண்டிகளையே பார்த்துப் பழகிய ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர். வந்தவுடன் வண்டியைத் தொடாமல் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கோ அவசரம்.

"ஒரு உதை உதைத்துப் பார்க்கலாமா, மேஸ்திரி?"

"உதைச்சா போச்சு, தம்பி!" என்றார் அவர்.

விஷயம் இதுதான். வருஷக்கணக்காக ஓடாத எஞ்சினில், சிலிண்டரின் உட்சுவரில் ஈரக்காற்றுப் பட்டுத் துரு ஏறும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டுவிடும். அது தெரியாமல் உதைத்தால் வளையம் உடையும். சிலிண்டரில் கீறல் விழும். ஆகையால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் எண்ணெய் விட்டு, நாள் கணக்கில் ஊற வைக்க வேண்டும். பிறகு வண்டியை மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். பிஸ்டன் இளகினால் பாக்கியம்.

மேஸ்திரி பிளக்கைக் கழற்றினார். துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பின் சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் தள்ளினார். எஞ்சின் முனகாமல் சுற்றியது!

"யாரோ முன்னமே உள்ளே எண்ணெய் விட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. பெட்ரோல் டாங்கி சொட்டுக்கூட இல்லாமல் வடிக்கப்பட்டிருந்தது. கார்புரேட்டரின் கிண்ணத்திலும் பெட்ரோல் மிச்சமில்லை. மிச்சமிருந்தால் அது ஆவியாகிப் பிசினாக இறுகியிருக்கும். சக்கரங்கள் தரையை அழுத்தாதபடி அடியில் மரக்கட்டைகள் கொடுத்திருந்தன. சங்கிலியில் கனமாகக் கிரீஸ். புகைக்குழாயின் வாயில், எலியும் ஈரமும் புகாதபடி, எண்ணெயில் நனைத்த துணி ஒன்று திணித்திருந்தது. மேஸ்திரி அதை இழுத்து வெளியே போட்டார். பெரியப்பாவின் வேட்டிக் கிழிசல். கரையைப் பார்த்தவுடனே பெரியம்மா அடையாளம் கண்டுகொண்டாள்.

"வெறுத்துப் போட்டவங்க இப்படி வெச்சுட்டுப் போக மாட்டாங்கம்மா" என்றார் மேஸ்திரி.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. அந்தத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நெசவாளி. அவர் சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது.

"இதிலே என்ன அதிசயம், தம்பி? சேலையை அறுத்து எடுக்கறப்போ பாவோட கடைசி முனையை அச்சிலேயே விட்டு வைப்போம். அடுத்த பாவை அதோட இழை இழையாப் பிணைச்சுக்கலாம் இல்லையா? அதையும் உருவிட்டா, ஆயிரக்கணக்கான இழையையும் முதல்லேருந்து விழுதிலேயும் அச்சிலேயும் கோக்கணும். உங்க பெரியப்பா நெசவுக்காரர். வண்டியையும் அப்படியே விட்டு வெச்சிருக்கார்."

திரும்பிப் பார்த்தேன். குழித்தறியின் அச்சில், தூசு படிந்த பட்டு இழைகள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் கார்புரேட்டரைப் பிரித்தார்கள். அதற்குள் நீளமாக ஓர் ஊசி இருக்கிறது. எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. அடியில் ஜெட் என்ற சின்னஞ்சிறு பித்தளைத் துண்டு. அதன் துவாரத்தில் கம்பியை விட்டால் பித்தளை தேய்ந்து அளவு கெட்டுவிடும். மேஸ்திரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு அண்ணன் உள்ளே போய் நாலு பட்டு இழையை முறுக்கிக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெயில் நனைத்து, துவாரத்தில் நுழைத்து, முன்னும் பின்னும் இழுத்தார்கள். அழுக்கு வந்துவிட்டது.

இந்த ஊசியும் நூலும் எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தின. இந்த வண்டியின் வம்சமே ஓர் ஊசிப் பட்டறையிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச் என்ற ஊர் இருக்கிறது. நமக்குக் காஞ்சிபுரம் என்றால் பட்டு; 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு ரெட்டிச் என்றால் ஊசி. அந்த வட்டாரத்தில் ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவர் ஊசித் தொழில் நடத்தினார். அந்தக் கம்பெனி பிறகு சைக்கிள் செய்தது, கை மாறியது. என்பீல்டு என்ற இடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தது. அதன் ஞாபகமாக 1890-களில் ராயல் என்பீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டது. துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது என்பதே அவர்களுடைய விளம்பர வாசகம். முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வந்தது; புல்லட் என்ற பெயர் 1932-இல்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு, எல்லைப்புறத்துக் கரடுமுரடான பாதைகளில் ஓடக்கூடிய வண்டி தேவைப்பட்டது. கே. ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி ரெட்டிச்சிலிருந்து புல்லட்டுகளைத் தருவித்தது. 1955-இல் இரு தரப்பும் கூடி என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கப்புறம் நடந்ததைக் கதையில் எழுதினால், இப்படியும் நடக்குமா என்று நீங்களே கேட்பீர்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் கொஞ்ச நஞ்சம் இருந்ததும் 1970-ஐ ஒட்டி முடிந்துவிட்டது. பெரியப்பா வண்டி வாங்கியது, தாய்வீடு பூட்டிய மறுவருஷம்! திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சினை, 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் வீச்சு என்ற அதே பழைய அளவில், விடாமல் செய்துகொண்டே இருந்தார்கள். 1977-இல் அந்த வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. அறுந்து போயிருக்க வேண்டிய இழைதான். ஆனால் அறுவதற்கு முன்னாலேயே அதன் முனை இங்கே அச்சில் பிணைக்கப்பட்டுவிட்டது. அதைச் செய்தவர்கள் இவ்வளவு தூரம் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள், வியாபாரத்துக்காகச் செய்தார்கள். அதனால் என்ன? இழை நின்றுவிட்டது.

பெரியப்பாவின் முன்யோசனையையும் மீறிக் காலம் செய்த வேலைகள் இருந்தன. டயர்கள் வெடித்திருந்தன. பெட்ரோல் குழாய் கையில் எடுத்தவுடன் நொறுங்கியது. கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. எண்ணெய், தன் அறையிலிருந்து பம்பு வழியாகக் கசிந்து, எஞ்சினின் அடியில் குளம் கட்டியிருந்தது. அதை வடிக்காமல் கிளப்பினால் தெருவே புகையில் மறைந்துவிடுமாம். டாங்கிக்குள் உதிர்ந்திருந்த துருவை, பொடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். காண்டாக்ட் பிரேக்கரின் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, புதிய 6 வோல்ட் பாட்டரி பூட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் மேஸ்திரி எனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்தார். புல்லட்டை உதைப்பது பலத்தின் காரியம் அல்ல. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மிதியை மெல்ல அழுத்த வேண்டும். முள் ஒரு பக்கம் சாய்ந்து பிறகு நடுவுக்கு வரும். அப்போது கைப்பிடியிலுள்ள சின்ன நெம்பை இழுத்து, உள்ளே அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிக்கொண்டு, மிதியை இன்னும் ஓர் அங்குலம் தள்ள வேண்டும். பிறகு நெம்பை விட்டுவிட்டு, மேலிருந்து கீழே ஒரே உதை. நான் முள்ளைப் பார்க்காமல் உதைத்தேன். வண்டி என்னைத் திருப்பி உதைத்தது. கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம்.

மேஸ்திரி உதைத்தார். இரண்டு முறை பெருமூச்சு. மூன்றாவது முறை ஒரு தும்மல். நாலாவது முறை, தறிக்கூடத்துக் கூரையிலிருந்து தூசு உதிரும்படி சத்தம் எழுந்தது. டப்... டப்... டப்... நிதானமான, அவசரமில்லாத சத்தம். தெருவில் நாலைந்து கிழவர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று கதாசிரியனான என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"காயலான் கடைக்காரன் வந்தான்னா, இல்லேன்னு சொல்லிடு" என்றாள்.

பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, வண்டியைத் தெருவில் இறக்கச் சில மாதம் ஆயிற்று. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் நாள் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, ஒரு மாட்டு வண்டிக்காரரிடம் வசை வாங்கினேன்.

கடைசியாக ஒரு விஷயம். வண்டி தூங்கிய காலத்தில் அதன் வம்சம் காஞ்சிபுரத்துப் பக்கமே வந்து சேர்ந்துவிட்டது. 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு ஆலைகள் ஏற்பட்டன. இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் பஸ் ஏறிப் போகிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனின் மகனும் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம். மழைக் காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறுமே என்ற கவலையில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அன்று சத்தம் அடங்கியபிறகு, அண்ணன் எழுந்து பெரியப்பாவின் தறியருகே போனார். அச்சிலிருந்து தொங்கிய இழைகளை விரலால் நீவித் தூசு தட்டினார். இரண்டு விரல் நடுவே ஓர் இழையை வைத்து இழுத்துப் பார்த்தார். அறுந்துவிட்டது. இன்னொன்றை இழுத்தார், அது நின்றது.

"பாதி தேறும்" என்றார்.

பெரியம்மா அந்தத் தறியையும் ஒழிக்கச் சொல்லவில்லை. வேட்டித் துணியைத் துவைத்து, மடித்து, அதன்மேல் போர்த்தி வைத்திருக்கிறாள்.