உழவு என்னும் அமானிதம்: சைதாப்பேட்டைப் பண்ணை தரும் பாடம்

ஒவ்வொரு பாங்கிலும் ‘ஹய்ய அலல் ஃபலாஹ்’ என்று நாம் வெற்றியின் பக்கம் அழைக்கப்படுகிறோம். ஃபலாஹ் என்னும் சொல்லும், உழவரைக் குறிக்கும் ஃபல்லாஹ் என்னும் சொல்லும் அரபியில் ஒரே வேரில் பிறந்தவை. பிளத்தல் என்பது அவ்வேரின் பொருள்களுள் ஒன்று. மண்ணைப் பிளந்து விதையிடுபவரே உழவர். ஆனால் எவ்வளவு ஆழமாக, எத்தனை முறை பிளப்பது? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஓர் அத்தியாயம், தாம்பரத்திலிருந்து மின்தொடரில் சிறிது நேரத்தில் சென்றடையும் சைதாப்பேட்டையில் எழுதப்பட்டது.

1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன், நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். 1865-இல் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கே உருவான வேளாண் கல்வி நிலையம் 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அதுவே. நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமேயன்றிப் புரட்டாது. அதனால் அது குறையுடையது என்றே அக்கால ஆங்கிலேயர் பலர் எண்ணினர்.

1889-இல் இந்தியா வந்த வேளாண் வேதியியல் அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், ஓராண்டுக்கு மேல் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1893-இல் வெளியான அவரது அறிக்கை அவ்வெண்ணத்தை மறுத்தது. சிறந்த இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்கு இணையானவர், சிலவற்றில் மேலானவர் என்று அவர் எழுதினார். வெப்ப நாட்டில் மண்ணை ஆழப் புரட்டினால் ஈரம் வீணாகும் என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

காரணம் எளிது. புரட்டப்பட்ட மண்ணில் காற்றும் வெயிலும் புகுகின்றன. நுண்ணுயிர்கள் மக்கினை விரைந்து சிதைக்கின்றன. சில பருவங்களுக்குப் பயிர் செழிக்கும். பின்னர் மண் வெளுத்துப் பொடியாகும். அமெரிக்கச் சமவெளிகளில் புல்வெளிகளை உழுது போட்ட பின் கடும் வறட்சி வந்தபோது, 1930-களில் மேல்மண் புழுதிப்புயலாய்ப் பறந்தது. அந்நாட்டு அரசு 1935-இல் மண் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

அப்படியானால் உழவே கூடாதா? அதுவும் சரியன்று. நெல்லுக்குச் சேற்றுழவு தேவை. நீர் கீழே இறங்காமல் நிற்பது அதனால்தான். ஆனால் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும் டிராக்டரின் பாரத்தாலும் அடியில் கடினத் தட்டு உண்டாகி, அடுத்த பயிரின் வேரைத் தடுக்கிறது. அத்தகைய நிலத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் ஆழ உழுது தொழுவுரம் இடுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மறுபுறம், காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தூவி, உழாமலேயே விளைவிக்கின்றனர். உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரையும், உழாமை மட்டுமே கடைப்பிடித்த நிலங்களில் மகசூல் சராசரியாகக் குறைந்ததையும், பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டுப் பயிர்சுழற்சியும் செய்த வறண்ட மானாவாரி நிலங்களில் அது கூடியதையும் காட்டுகிறது.

ஆக, மண்ணைக் கேட்டே கலப்பையைத் தேர்ந்திட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் செவில் நகரத்து அறிஞர் இப்னுல் அவ்வாம், வேளாண்மை பற்றிய தம் பெருநூலில் மண்ணை அறிவதற்கே முதலிடம் தந்தார்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் வாப்பா விட்டுச் சென்ற நிலம் உண்டு. குத்தகைப் பணத்தை வாங்குவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுமா? ரோட்டவேட்டர் ஆண்டுக்கு எத்தனை முறை ஓடுகிறது, வைக்கோலும் தாளும் எரிக்கப்படுகின்றனவா, தொழுவுரம் இடப்படுகிறதா என்று கேட்பதும் நம் கடமையன்றோ! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையும் மனிதரும் கால்நடையும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். அந்தத் தர்மம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தொடர, மண் உயிரோடு இருத்தல் வேண்டும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மண்ணைப் பேணிக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.