ஃபார்முலா 1: புள்ளி முறையும் பாதுகாப்பு விதிகளும்

ஃபார்முலா 1 உலகப் பட்டம் ஒரே பந்தயத்தில் முடிவாவதில்லை. ஓர் ஆண்டு முழுக்க நாடு நாடாகச் சென்று ஓட்டிச் சேர்த்த புள்ளிகளே பட்டம் யாருக்கு என்று சொல்லும். புள்ளி முறையின் வரலாற்றையும் பாதுகாப்பு விதிகளின் வரலாற்றையும் தனித்தனியாக எழுதுவதே வழக்கம். ஆனால் மழையாலோ விபத்தாலோ பந்தயம் பாதியில் நின்றால் யாருக்கு எத்தனை புள்ளி, உயிருக்கு ஆபத்து என்று ஒதுங்கும் ஓட்டுநர் எதை இழக்கிறார் என்று கேட்டால் இரண்டும் ஒரே வரலாறாகிவிடுகின்றன. பெரிய சச்சரவுகள் பலவும் அந்த இடத்தில்தான் எழுந்தன.

உலக ஓட்டுநர் பட்டத்துக்கான முதல் பந்தயம் 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் நடந்தது. முதல் ஐந்து இடங்களுக்கு 8, 6, 4, 3, 2 புள்ளிகள். மிக வேகமான சுற்றை ஓட்டியவருக்குக் கூடுதலாக 1. அந்த ஒற்றைப் புள்ளி 1954-இல் அதே தடத்தில் துண்டு துண்டானது. நேரத்தை முழு நொடியில் மட்டுமே குறித்ததால் ஏழு பேர் ஒரே நேரத்தில் சுற்றி வந்ததாகக் கணக்காகி, ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு கிடைத்தது.

1958-இல் ஸ்டிர்லிங் மாஸ் நான்கு பந்தயங்களில் வென்றார். மைக் ஹாத்தோர்ன் வென்றது ஒன்றே ஒன்று. ஆனால் அடிக்கடி இரண்டாமிடம் வந்த ஹாத்தோர்ன் 42-க்கு 41 என்ற கணக்கில் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு போர்ச்சுகல் பந்தயத்தில், நின்றுபோன காரை எதிர்த்திசையில் தள்ளினார் என்று ஹாத்தோர்னை நீக்க இருந்தார்கள். அவர் தள்ளியது தடத்தில் அல்ல, ஓரத்து நடைபாதையில்தான் என்று சாட்சி சொல்லி அவருடைய புள்ளிகளைக் காத்தவர் மாஸ். அந்தச் சாட்சியம் தம் பட்டத்தையே கொண்டுபோன பிறகும் மாஸ் அதற்காக வருந்தவில்லை. இந்த விளையாட்டில் நியாயத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டிய பெயர் அவருடையது.

கார்கள் அடிக்கடி பழுதான காலம் என்பதால், ஓட்டுநரின் சிறந்த முடிவுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. நல்ல நோக்கந்தான். ஆனால் 1988-இல் ஆலன் ப்ராஸ்ட் மொத்தம் 105 புள்ளிகளும் அயர்டன் சென்னா 94-உம் எடுத்திருக்க, 16 பந்தயங்களில் சிறந்த 11-ஐ மட்டும் கூட்டியபோது சென்னா 90, ப்ராஸ்ட் 87 என்று மாறியது. பட்டம் சென்னாவுக்கு. 1991 முதல் எல்லா முடிவுகளும் கணக்கில் வந்தன. வெற்றிக்கு 10 புள்ளி ஆனது.

பாதுகாப்பு விதிகள் இவ்வளவு அமைதியாக வளரவில்லை. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் கவிழ்ந்த ஜாக்கி ஸ்டூவர்ட், பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக் கிடந்தார். அவரை விடுவித்தவர்கள் மீட்புப் பணியாளர்கள் அல்லர், சக ஓட்டுநர்கள். ஸ்பேனர்கூடப் பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதன்பின் தடுப்பு வேலி, மருத்துவ வசதி, இருக்கைப் பட்டை என்று ஸ்டூவர்ட் போராடினார். பந்தயத்தின் வீரத்தைக் கெடுக்கிறார் என்று ஏச்சும் வாங்கினார். அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1970-இல் இத்தாலியின் மோன்சாவில் பயிற்சியின்போது இறந்த யோகன் ரிண்ட்டின் 45 புள்ளிகளை யாராலும் எட்ட முடியவில்லை. இறந்தபின் பட்டம் பெற்ற ஒரே ஓட்டுநர் அவர்.

1975-இல் பார்சிலோனாவின் மோன்ட்யூயிக் தடத்துக்கு வந்த ஓட்டுநர்கள், வேலிகளின் போல்ட்டுகள் முறையாக முடுக்கப்படாமல் இருந்ததைக் கண்டு பயிற்சிக்கு மறுத்தார்கள். அணிகளின் மெக்கானிக்குகளே இறங்கி முடுக்கினார்கள். முந்தைய ஆண்டின் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி பந்தயத்தில் ஓட்ட மறுத்து ஊர் திரும்பினார். பந்தயத்தில் முன்னணியில் இருந்த ரோல்ஃப் ஷ்டோமலனின் காரில் பின்னிறக்கை முறிய, கார் வேலியைத் தாண்டிப் பாய்ந்து அப்பால் நின்றவர்களின் உயிரைப் பறித்தது. 29 சுற்றுகளோடு பந்தயம் நின்று, அனைவருக்கும் பாதிப் புள்ளி வழங்கப்பட்டது. ஆறாவதாக வந்த இத்தாலியின் லெல்லா லொம்பார்டி பெற்றது அரைப் புள்ளி. ஃபார்முலா 1-இல் புள்ளி எடுத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான். எச்சரித்துவிட்டு விலகிய ஃபிட்டிபால்டிக்கு அன்று புள்ளி எதுவும் இல்லை.

மறு ஆண்டு நிக்கி லௌடாவின் கதை. ஆகஸ்டில் நூர்பர்க்ரிங் தடத்தில் தீயில் வெந்து, ஆறு வாரத்தில் மோன்சாவில் மீண்டும் காரில் உட்கார்ந்தார். ஜப்பானின் ஃபூஜியில் கடைசிப் பந்தயம் தொடங்கும்போது ஜேம்ஸ் ஹண்ட்டைவிட 3 புள்ளி முன்னால் இருந்தார். கொட்டும் மழையில் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, இது உயிரோடு விளையாடுவது என்று காரை நிறுத்தினார். ஹண்ட் மூன்றாவதாக வந்து 69-க்கு 68 என்று பட்டம் வென்றார். ஹண்ட்டின் வெற்றியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிலையில் பந்தயத்தைத் தொடங்கியவர்கள்மீதுதான் குறை.

1984-இல் லௌடாவுக்கு அதே மழை வேறு விதமாக உதவியது. மொனாக்கோவில் ப்ராஸ்ட் முன்னணியில் இருக்க, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டு, 31 சுற்றுகளே கணக்கில் கொள்ளப்பட்டன. ப்ராஸ்ட் வென்றார், கிடைத்ததோ பாதி, அதாவது 4.5. ஆண்டிறுதியில் லௌடா 72, ப்ராஸ்ட் 71.5. பந்தயம் முழுதாக நடந்து, பின்னால் நெருங்கிக்கொண்டிருந்த சென்னா முந்தியிருந்தாலும், இரண்டாமிடத்துக்கான 6 புள்ளிகள் ப்ராஸ்ட்டுக்குப் பட்டத்தைத் தந்திருக்கும்.

1994-இல் இமோலாவில் அடுத்தடுத்த நாளில் ரோலண்ட் ராட்ஸன்பெர்கரும் சென்னாவும் இறந்தபின் விதிகள் வேகமாக இறுகின.

அந்த இறுக்கம் 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் புள்ளிகளோடு நேராக மோதியது. சாய்வான 13-ஆவது வளைவில் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலின் அறிவித்தது. அங்கே வேகத்தைக் குறைக்கத் தற்காலிக வளைவு ஒன்றை அமைக்கக் கேட்டதை உலக அமைப்பான எஃப்ஐஏ மறுத்தது. ஒருவர் கொண்டுவந்த தவறான டயருக்காக மற்றவருக்கும் தடத்தை மாற்றுவது நியாயமில்லை என்பது அதன் வாதம். மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் தொடக்கத்திலேயே அணிகளின் பிட் நிறுத்தத்துக்குத் திரும்ப, பிரிஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். ஃபார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இவை மட்டுமே. காலி மைதானத்தில் எடுத்தது என்று அதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் சரியான டயரோடு வந்து, விதிப்படி கடைசிச் சுற்றுவரை காரைக் கொண்டுசேர்த்தவர் அவர். அன்றைய அவலத்துக்கு அவர் பொறுப்பல்லர்.

2010-இல் வெற்றிக்கு 25 புள்ளி ஆனது. முதல் பத்து இடங்களுக்கும் புள்ளி. 2014-இல் கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் இரட்டைப் புள்ளி கொடுத்து, ஓராண்டோடு கைவிட்டார்கள்.

2021 ஸ்பாவில் விடாத மழை. வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் செல்லும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்ந்ததே பந்தயமாகக் கொள்ளப்பட்டது. ஒருவரையொருவர் முந்த வாய்ப்பே இல்லாமல் பாதிப் புள்ளி கொடுத்தார்கள். முதலில் வந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு 12.5. ஓட்டவிடாதது சரி, ஓடாததற்குப் புள்ளி கொடுத்ததை ஏற்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில், அபுதாபிக்கு அவரும் லூயிஸ் ஹாமில்டனும் தலா 369.5 புள்ளியோடு வந்தார்கள். இறுதிக் கட்டத்தில் பாதுகாப்புக் கார் வெளிவந்தபோது, அவ்விருவருக்கும் இடையே இருந்த ஐந்து கார்களை மட்டும் விலக்கிவிட்டு ஒரே ஒரு சுற்றுப் பந்தயம் நடத்தப்பட்டது. புதிய டயரோடு இருந்த வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனை முந்திப் பட்டம் வென்றார். விபத்து நேரத்தில் உயிர்காக்க வந்த ஏற்பாடு பட்டத்தை முடிவுசெய்யும் கருவியாகிப் போனது. அதை இயக்கியதில் மனிதத் தவறு நேர்ந்ததாக எஃப்ஐஏ பின்னர் அறிக்கையிட்டது, முடிவு மாறவில்லை.

ஸ்பாவுக்குப் பிறகு, ஓடிய தூரத்துக்கேற்ப ஏறும் புள்ளிப் படிநிலை வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. 2022 ஜப்பானில் 53-இல் 28 சுற்றே ஓடியும் முழுப் புள்ளி கிடைத்தது. நின்ற பந்தயம் மறுபடி தொடங்கிவிட்டால் குறைப்பு பொருந்தாது என்று விதியின் வாசகம் இருந்தது. வெர்ஸ்டாப்பன் அன்று பட்டம் வென்றதைப் பந்தயம் முடிந்த பின்னரே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. 2023-க்கு முன் அந்த வாசகம் திருத்தப்பட்டது.