விதைப் படிகம்

நம் இயற்பியல் துறையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது ஆய்வக மூலையில் இருக்கும் ஒரு கண்ணாடிக் குவளைதான். தெவிட்டிய கரைசல், மேலே ஊசித்துளை போட்ட மூடி, நைலான் நூலில் தொங்கும் கடுகளவு விதைப் படிகம். மாணவர்கள் அதைத் தொடக்கூட அஞ்சுவார்கள். மின்சாரம் போய் வெப்பத்தொட்டி குளிர்ந்துவிட்டால், குவளையின் அடியில் வேண்டாத குருணைகள் முளைத்துவிடும். மூன்று வார உழைப்பு வீண்.

ஒசூர்க்காரர்களான நமக்குப் படிகம் அந்நியமானதல்ல. இங்கே உருவாகும் டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணி நொடியாக்கித் தருவது சிலிக்கான் சில்லு. கிருஷ்ணகிரிக் குவாரிக் கல்லிலும் சிலிக்கான் உண்டு. ஆனால் கல்லுக்கும் சில்லுக்கும் நடுவே படிகம் வளர்க்கும் வித்தை ஒன்று இருக்கிறது. சிலிக்கான் போன்ற குறைகடத்தியில் பத்து லட்சத்துக்கு ஓர் அயல் அணு கலந்தாலே மின்கடத்தும் குணம் பல மடங்கு மாறிவிடும்.

அந்த வித்தையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பேராசிரியர் பி. இராமசாமி. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவோடு எழுந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இயங்கும் படிக வளர்ச்சி மையத்தை நிறுவிய இயக்குநர் அவர். காலியம் ஆர்சனைடு, காலியம் நைட்ரைடு போன்ற குறைகடத்திகள் அங்கே ஆய்வுப் பொருளாயின.

2005இல் கே. சங்கரநாராயணனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முறையை இன்று உலகெங்கும் இருவர் பெயராலும் அழைக்கிறார்கள். அடிப்பகுதி குறுகிய கண்ணாடிக் குழாய். வேண்டிய படிக முகம் மேலே பார்க்கும்படி அடியில் ஒரு விதை. அதன்மேல் கரைசல், மேல்பகுதியைச் சுற்றி ஒரு வளையச் சூடேற்றி. கரைப்பான் மெல்ல ஆவியாக, படிகம் குழாயின் உருவிலேயே, ஒரே திசையில், அடியிலிருந்து மேலே வளர்கிறது. கருவிக்குத் தேவையான கோணத்தில் வெட்டி எடுக்கும்போது சேதாரம் குறைவு. இதில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று: இதற்குக் கோடிகள் வேண்டாம். குழாயும் சூடேற்றியும் பொறுமையும் இருந்தால் மாவட்டத் தலைநகரக் கல்லூரியிலும் உலகத்தர ஆய்வு செய்யலாம். தமிழ்நாட்டில் இத்தனை கல்லூரிகளில் படிக ஆய்வு நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

பின்னர் அவர் களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரிக்குச் சென்று, சூரிய மின்கலத்துக்கான பல்படிகச் சிலிக்கானில் இறங்கினார். 1414 டிகிரி செல்சியஸில் உருகும் சிலிக்கானை மூசைக்குள் வைத்து, அடியிலிருந்து மேல்நோக்கி உறைய வைப்பார்கள். கசடு மேலே ஒதுங்கும். அங்கும் அதே அடிமுதல் வளர்ச்சிதான்.

இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் ஒசூர்ப் பக்கம் கைபேசி உதிரிப்பாகங்கள் செய்கிறது. காலை ஷிப்ட் பேருந்துகளில் நம் பழைய மாணவிகள் போகிறார்கள். பாகம் பூட்டத் தெரிந்த அந்தப் பிள்ளைகளில் சிலராவது பொருளின் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சென்ற வாரம் முதுகலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி குவளையருகே நின்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சொன்னாள்: "சார், முகம் தெரியுது."