கன்னிமாரா: அருங்காட்சியகத்தில் பிறந்த நூலகம்

கன்னிமாரா நூலகம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு எழும்பூர் பாந்தியன் சாலையில் 1970களில் வந்த புதிய கட்டடம்தான் நினைவுக்கு வரும். போட்டித் தேர்வுக்குப் படித்தது, நாளிதழ் புரட்டியது எல்லாம் அங்கேதான். பக்கத்திலேயே நிற்கும் பழைய மண்டபத்துக்குள் நம்மில் பலர் போனதே இல்லை.

அதன் கதை ஒரு கல்லூரி மூடப்பட்டதில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர, இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் ஒரு கல்லூரி நடத்தியது. 1858-ல் அதை மூடினார்கள். அங்கே மிஞ்சிய புத்தகங்களில் ஒரு பகுதி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அரசு அவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. அப்போது பொறுப்பில் இருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் 1860களின் தொடக்கத்தில் அங்கேயே சிறு நூலகம் ஒன்றை ஏற்படுத்தினார்.

பிறகு, ஊருக்கென்று பெரிய பொது நூலகம் வேண்டும் என்றார் ஆளுநர் கன்னிமாரா பிரபு. 1890 மார்ச்சில் அவரே அடிக்கல் நாட்டினார். 1896 டிசம்பர் 5-ல் திறப்பு விழா நடந்தபோது அவர் பதவியில் இல்லை. பெயர் மட்டும் நிலைத்தது. கட்டட வரைவு ஹென்றி இர்வினுடையது. வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கும் உயர்ந்த கூரை, தேக்கு மர வேலைப்பாடு என்று இந்தோ-சாரசெனிக் பாணியில் அமைந்த மண்டபம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி 1950-ல் கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆயிற்று.

பிள்ளைகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போனவர்கள் அங்குள்ள ஆசியக் கலை அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கலாம். 1917-ல் திறந்த அந்தக் கட்டடம் நகரின் மைய நூலகமாக இருந்தது. 1996-ல் நூலகம் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து 2003-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பெரிய படிக்கட்டு அப்படியே இருக்கிறது. படித்தவர்கள் ஏறிய படியில் இன்று சிலை பார்ப்பவர்கள் ஏறுகிறார்கள்.

நம் பழைய மண்டபமும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிட்டது. வாசகர்கள் புதிய கட்டடத்தில். பழையது பார்த்து வியக்கும் இடம். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே புத்தகங்கள் வெளியேறிவிட்டன. இங்கே நூறாண்டு கடந்த நூல்கள் இன்னும் நூலகத்தின் சொத்தாகவே இருக்கின்றன. அவற்றைத் தினமும் பலர் கை பட விட முடியாது, தாள் நொறுங்கிவிடும் என்பது நியாயமே. ஆனாலும் அந்த மண்டபத்தில் நாலு மேசை போட்டு, பழைய நூல்களின் நகல்களையாவது உட்கார்ந்து படிக்க விட வேண்டும் என்பது என் ஆசை. கூரையைப் பார்க்க வரும் பேரப்பிள்ளை, அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.