ஆம்ப்மீட்டர் முள் சொன்ன சேதி

பழைய புல்லட்டின் ஹெட்லைட் மூடியில், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். ஆம்ப்மீட்டர். பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்ட வைத்தது. மெக்கானிக்குகள் அதை வைத்து எஞ்சினுக்கே நாடி பார்த்தார்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அமுக்கினால், பிளக்கில் பொறி விழவைக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் கரண்ட் இழுக்கும். முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். எஞ்சினின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, கையை எடுத்து, ஒரே உதை. முள் சாயவே இல்லையா? உதைத்துக் கால் நோவதுதான் மிச்சம். பேட்டரி, வயர், பாயிண்ட் மூன்றில் ஒன்று கோளாறு.

இந்த வண்டி பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச்சில். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குக் கேட்டதால் சென்னைக்கு வந்தது. 1955இல் அங்கிருந்த தாய்க் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது. திருவொற்றியூரில் முதலில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு பாகங்களையே இங்கே செய்தார்கள். 1970 வாக்கில் அந்தத் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி.; அதே வார்ப்பிரும்பு எஞ்சின் சின்னச் சின்ன மாற்றங்களோடு அரை நூற்றாண்டு ஓடியது. அதனால்தான் அதன் மருத்துவமும் ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்குக் கைமாறிக்கொண்டே வந்தது.

அந்த மருத்துவத்தில் மிகக் கடினமான பகுதி, ட்யூனிங் தேவையா இல்லையா என்று தீர்மானிப்பதுதான். பிக்கப் குறைந்துவிட்டது என்று வண்டிக்காரர் வந்து நின்றதும் கார்புரேட்டரைக் கழற்றுபவர் கற்றுக்குட்டி. கை தேர்ந்தவர் முதலில் பாயிண்ட் மூடியைத் திறப்பார். பாயிண்டில் கேமைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபைபர் குதி ஓட ஓடத் தேயும். தேய்ந்தால் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். வண்டி இழுக்காது, எஞ்சின் கொதிக்கும். டைமிங் முன்னே போயிருந்தால் கதை வேறு: கிக்கர் எதிர்த்து உதைக்கும், மேட்டில் ஏறும்போது ‘டிக் டிக்’கென்று தட்டும். திருப்பி உதைத்த கிக்கரால் வீங்கிய கணுக்கால்தான் அந்தக் காலத்தின் டைமிங் லைட் என்றால் மிகையில்லை. பாயிண்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க சிகரெட் தாள் போதும். இரண்டு முனைக்கும் நடுவே அதை வைத்து எஞ்சினை மெல்லச் சுற்றினால், பிடி விட்டுத் தாள் வழுக்கும் இடமே திறக்கும் இடம்.

அடுத்தது டேப்பட். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும். அப்போது புஷ் ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் வேண்டாம், விரலே அளவுகோல்.

கடைசியில்தான் கார்புரேட்டர். அதற்கும் பிளக்கிடம் சாட்சி கேட்பார்கள். முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் கை வைக்காதே. கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

ஒன்றும் கெடாமலேயே ட்யூனிங்குக்கு வந்தவர்களும் உண்டு. ‘டப்… டப்’ சத்தம் ஒவ்வொன்றாக எண்ணும்படி வர வேண்டுமாம்! ஐட்லிங்கைக் குறைக்கச் சொல்வார்கள். எஞ்சின் சுற்றுவதைக் கொண்டுதான் ஆயில் பம்பும் சுற்றுகிறது. சுற்று குறைந்தால் ஆயிலும் குறையும். விவரமறிந்த மெக்கானிக் தலையாட்டிவிட்டு, ஸ்க்ரூவைக் கால் திருகு மட்டும் திருகி அனுப்பிவிடுவார்.

புல்லட்டில் பின்னால் வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) எஞ்சின்களில் பாயிண்ட் இல்லை. டேப்பட்டும் ஹைட்ராலிக், தன் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும்.