சிறுநீர்க் குப்பியில் சிக்காத மருந்து

1968 அக்டோபர் மாதம். மெக்சிக்கோ நகரில் ஒலிம்பிக் போட்டி. அங்கே 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்றார் ஒரு மலேசியத் தமிழர். பேராக் மண்ணில் பிறந்த மாணிக்கவாசகம் ஜெகதீசன். மருத்துவம் படித்தவர் என்பதால் 'பறக்கும் டாக்டர்' என்று பத்திரிகைகள் செல்லமாக அழைத்தன. மெக்சிக்கோவில் அவர் பதித்த 20.92 விநாடி தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2017இல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தார்.

ஜெகதீசனின் ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். அதே மெக்சிக்கோவில் நடந்த வேறு இரண்டு சங்கதிகளைப் பலர் மறந்துவிட்டார்கள். கோடைக்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஊக்கமருந்துப் பரிசோதனை நடந்தது அங்கேதான். முதலில் பிடிபட்டவர் சுவீடன் நாட்டின் ஐந்திறன் போட்டியாளர் ஹான்ஸ் குன்னர் லில்யன்வால். என்ன மருந்து தெரியுமா? பீர்! துப்பாக்கி சுடும் முன் பதற்றம் தணிய இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். சுவீடன் குழுவின் வெண்கலம் பறிபோனது. ஊக்கமருந்து வேட்டையின் முதல் பலி ஒரு பீர் குடித்தவர் என்பது வேடிக்கைதான்.

இரண்டாவது சங்கதி வேடிக்கையானதல்ல. மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரம் விரைவோட்டக்காரர்களுக்குச் சாதகமாக அமைந்தது. நெடுந்தூர ஓட்டக்காரர்களோ மூச்சுத் திணறினார்கள். மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டும் திணறவில்லை. கென்யாவின் கிப் கெய்னோ 1500 மீட்டரில் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே மராத்தானில் வென்றார். உயரத்தில் வாழும் உடல் தானாகவே சிவப்பணுக்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. சிவப்பணு கூடினால் தசைகளுக்குப் பிராணவாயு கூடுதலாகப் போகிறது. இந்த உண்மை உலகப் பயிற்றுநர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அடுத்த கேள்வி பிறக்க வெகுகாலம் ஆகவில்லை. மலையேறாமலேயே இரத்தத்தைப் பெருக்க முடியாதா?

இரத்தத்தின் அருமை என்ன என்று பேராக் தோட்டப்புற மக்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய ரப்பர்க் கன்றுகளிலிருந்து வளர்ந்த தொழில் அது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்து பால் வெட்டிய தலைமுறையின் உடலில் கொக்கிப் புழு புகுந்து இரத்தத்தை உறிஞ்சியது. மலேரியா மிச்சத்தைக் குடித்தது. சோகை பிடித்தவனுக்கு மேடேறினால் மூச்சு வாங்கும், கால் கனக்கும். புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைத்துச் சில வாரம் கழிந்தால் அதே மனிதன் அதே மேட்டில் தெம்பாக நடப்பான். குறைந்த இரத்தம் ஏறியதால் வந்த தெம்பு அது. நிறைந்த இரத்தத்தை மேலும் நிறைத்தால்? ஊக்கமருந்துக்காரர்களின் முழுக் கணக்கும் இதுதான்.

1972இல் ஸ்டாக்ஹோமில் பியோர்ன் எக்புளோம் என்ற உடலியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒருவரின் இரத்தத்தை எடுத்துச் சேமித்து வைத்தார். உடல் அந்தக் குறையை ஈடுசெய்த பிறகு, எடுத்ததை அவருக்கே திரும்ப ஏற்றினார். தாங்கும் ஆற்றல் கூடியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வென்ற பின்லாந்தின் கார்லோ மானிங்கா, தாம் இரத்தம் ஏற்றிக்கொண்டதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 1984 லாஸ் ஏஞ்சலசில் அமெரிக்கச் சைக்கிளோட்டக்காரர்கள் சிலரும் அப்படியே செய்தார்கள். அப்போது அது விதிமீறலே அல்ல. தடை அதற்குப் பின்னால்தான் வந்தது. தடை வந்து என்ன பயன்? ஏறியது அவருடைய சொந்த இரத்தம். எந்தக் குப்பியில் எதைத் தேடுவது?

அடுத்து வந்தது இன்னும் எளிய வழி. எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இபிஓ. சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் இது. எலும்பு மச்சைக்கு 'சிவப்பணு செய்' என்று கட்டளையிடுவது இதன் வேலை. 1980களின் இறுதியில் இதைச் செயற்கையாகத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். இது தீய நோக்கத்துக்காகப் பிறந்த மருந்தல்ல. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்குப் போய் வருகிறவர்களின் வீட்டில் கேளுங்கள். 'இரத்தம் ஏறுவதற்குப் போடும் ஊசி' என்று சொல்வார்கள். எழுந்து நடக்க முடியாதவரை நடக்க வைக்கும் ஊசி அது. அதையே திடகாத்திரமான ஒரு சைக்கிளோட்டக்காரர் போட்டுக்கொண்டால் மலைப்பாதையில் மற்றவர்களை நிற்க வைத்துவிட்டுப் போகலாம். இரத்தம் குழம்பாகத் தடித்து இதயத்தை நிறுத்தும் அபாயமும் அதில் உண்டு.

அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 1990இல் இபிஓவைத் தடை செய்தது. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது 2000 சிட்னி ஒலிம்பிக்கில். இடையில் பத்து ஆண்டுகள்! சட்டம் இருந்தது, போலீஸ்காரனுக்குக் கண் மட்டும் இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? உடம்பு சுரப்பதும் ஊசியில் வருவதும் ஏறக்குறைய ஒரே பொருள். வேறுபாடு மிக நுட்பமானது. ஆய்வகத்தில் அதைத் தயாரிக்க வெள்ளெலியின் உயிரணுக்களைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் மூலக்கூற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரைகள் மனித உடல் ஒட்டும் விதத்தில் இருப்பதில்லை. மின்புலத்தில் வைத்தால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் கோடு போடும். பாரிஸ் அருகிலுள்ள ஆய்வகத்தில் பிரான்சுவாஸ் லாஸ்ன், ஜாக் த செயோரிஸ் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். அப்படியும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஊசியின் தடயம் சில நாட்களில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். அது உருவாக்கிய சிவப்பணுவோ சுமார் 120 நாள் வாழும். திருடன் போன பிறகும் திருட்டுப் பொருள் பல வாரங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். மருந்தைச் சிறுசிறு அளவாகப் பிரித்துப் போடவும் கற்றுக்கொண்டார்கள். அப்போது தடயம் நிற்கும் நேரம் இன்னும் சுருங்கியது.

பரிசோதனை இல்லாத அந்தப் பத்தாண்டில் நடந்தவை கொஞ்சமல்ல. 1998 ஜூலையில் பிரெஞ்சுச் சைக்கிளோட்டம் தொடங்கும் முன் ஃபெஸ்டினா குழுவின் உதவியாளர் ஒருவர் எல்லையில் கார் நிறைய மருந்தோடு பிடிபட்டார். பிடித்தது ஆய்வகம் அல்ல, சுங்கத்துறை! ஆசியாவில் 1993இல் சீனப் பயிற்றுநர் மா ஜுன்ரெனின் பெண்கள் நெடுந்தூர ஓட்டச் சாதனைகளை அடுத்தடுத்து நொறுக்கினார்கள். ஆமை இரத்தக் கஷாயமும் கடும் பயிற்சியும்தான் காரணம் என்று விளக்கம் வந்தது. 2000இல் சிட்னிக்குப் புறப்படும் முன் சீனா தன் குழுவிலிருந்து 27 பேரை நீக்கியது. மாவின் ஓட்டக்காரர்கள் அறுவர் அதில் அடக்கம்; மாவும் நீக்கப்பட்டார். இரத்தப் பரிசோதனை வருகிறது என்ற செய்தியே போதுமாக இருந்தது.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிளோட்டப் போட்டி பல ஆண்டுகளில் ஈப்போ, தாப்பா வழியாகப் போயிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கொடியசைக்க, ஐரோப்பிய, ஆப்பிரிக்க, தென் அமெரிக்க வீரர்கள் மின்னலாய்க் கடந்தார்கள். 2003இல் அந்தப் போட்டியை வென்ற அமெரிக்கர் டாம் டேனியல்சன், பிந்திய ஆண்டுகளில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை 2012இல் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2006இல் வென்ற தென்னாப்பிரிக்கர் டேவிட் ஜார்ஜ் 2012இல் இபிஓ பரிசோதனையில் சிக்கி ஈராண்டுத் தடை பெற்றார். இதை வைத்து அவர்களின் லங்காவி வெற்றிகளும் மருந்தால் வந்தவை என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்த வெற்றிகள் ஏட்டில் அப்படியே நிற்கின்றன. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பிரெஞ்சுப் பட்டங்கள் அப்படி நிற்கவில்லை. அவரையும் வீழ்த்தியது குப்பி அல்ல. சக வீரர்கள் சத்தியம் செய்து சொன்ன சாட்சியம்தான் 2012இல் அவரைக் கவிழ்த்தது.

சரி, சந்தேகம் வந்தால் தண்டித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சுனிதா ராணியை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்த இந்த நெடுந்தூர ஓட்டக்காரர் 2002 பூசான் ஆசியப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கமும் 5000 மீட்டரில் வெண்கலமும் வென்றார். நாண்ட்ரோலோன் இருப்பதாக ஆய்வக முடிவு வந்தது, பதக்கங்களைப் பிடுங்கினார்கள். ஊர் உலகம் அவரை ஏமாற்றுக்காரியாகப் பார்த்தது. பிறகு விசாரித்தபோது அந்தப் பரிசோதனையிலேயே முரண்பாடுகள் இருந்தது தெரியவந்தது. 2003இன் தொடக்கத்தில் பதக்கங்கள் அவரிடம் திரும்பின. இடையில் அந்தப் பெண் பட்டதற்கு எந்த ஆய்வகம் ஈடு கொடுக்கும்?

இயற்கையே சந்தேகத்துக்கு இடம் கொடுப்பதும் உண்டு. 1960களில் பனிச்சறுக்கு நெடுந்தூர ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பின்லாந்தின் ஏரோ மான்டிராந்தா மீது இரத்தக் கலப்படப் பழி நெடுங்காலம் இருந்தது. அவர் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம் ஓடுவதை 1993இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறவியிலேயே அவர்களுக்குச் சிவப்பணு அதிகம்! சைக்கிளோட்டச் சம்மேளனம் 1997இல் இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று கோடு போட்டது. 42இல் இருப்பவர் மருந்தால் 49க்குப் போனால் தப்பிவிடுவார். பிறவியிலேயே 51 உள்ளவர் மாட்டிக்கொள்வார். வெயிலில் நீர் வற்றினாலும் அந்த அளவு ஏறும். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் நாட்டுக்குத் தங்கம் தேடித் தந்தாரே, நான்கு மணி நேரத்துக்கும் மேல் நம் நாட்டு வெக்கையில் நடந்து! அப்படி நடந்து முடித்த உடம்பிலிருந்து ஒரு குப்பி சிறுநீர் சேர்வதற்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெகதீசன் போன்றவர்கள் பிற்காலத்தில் உட்கார்ந்த நாற்காலி இத்தகையது. நுண்ணுயிரியல் மருத்துவராகவும் சுகாதார அமைச்சின் உயர் அதிகாரியாகவும் இருந்த அவர், ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். காமன்வெல்த் விளையாட்டுச் சம்மேளனத்துக்கும் மருத்துவ ஆலோசகரானார். ஓடியவரே ஓடுகிறவர்களைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தது நல்லதே. கோட்டில் நிற்கும் ஒருவனின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்றைய வழி வேறு. 2008இல் சைக்கிளோட்டத்தில் தொடங்கி மற்ற விளையாட்டுகளுக்கும் பரவிய 'உயிரியல் கடவுச்சீட்டு' மருந்தைத் தேடுவதில்லை. ஒருவரின் இரத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அவரை அவரோடே ஒப்பிடுகிறது. திடீர் ஏற்ற இறக்கம் தெரிந்தால் நிபுணர்கள் காரணம் கேட்பார்கள். மலையில் பயிற்சி எடுத்தாரா, நோயுற்றாரா, இரத்ததானம் செய்தாரா என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். முன்பைவிட இது நியாயமான முறை. ஆனால் செலவு பிடிக்கும். ஆண்டு முழுக்கப் பின்தொடர ஆள் வேண்டும். உச்சியில் இருக்கும் சில நூறு பேருக்குக் கிடைக்கும் இந்தக் கவனம், தோட்டத்தை விட்டு ஈப்போ அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பத்தின் பிள்ளை மாநில அளவில் ஓடும்போது கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு மாத்திரைப் புட்டியை நீட்டினால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. 2015இல் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் எட்டு மாதத் தடை பெற்றது, சத்துமாத்திரை உறையில் கலந்திருந்த மருந்தால் என்று விசாரணையில் பேசப்பட்டது. அவருக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

இப்போது மாதிரிகளை உறைய வைத்துப் பத்தாண்டு வரை திரும்பச் சோதிக்கலாம் என்று விதி இருக்கிறது. கடவுச்சீட்டுப் பதிவுகளும் பழைய கணக்கைத் திறக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் 1500 மீட்டரில் முதல் இரண்டு இடம் பிடித்த துருக்கி நாட்டவர் இருவரும் பின்னால் தகுதி இழந்தார்கள். மூன்றாவதாக வந்த பஹ்ரேனின் மர்யம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது. லண்டன் அரங்கில் அன்று ஒலித்தது துருக்கியின் தேசிய கீதம்.